இலை அகதியல்ல

புலம்பெயர் கவிதைகளில் இலையுதிர்காலம் வந்தால் இலை அகதியாகிவிடும். மரம் தாய்நாடு, காற்று யுத்தம், விழுந்து அழுகுவது நாம். நமது சஞ்சிகைகளில் ஆண்டுதோறும் செப்டெம்பரில் இந்தப் படிமம் வந்துவிடுகிறது. நானும் எழுதியவன்தான். ஆகவே இக்குறிப்பு முதலில் எனக்கெதிரானது.

சென்ற இலையுதிர்காலத்தில் நோர்வே-சுவீடன் எல்லையிலுள்ள பின்ஸ்கூகன் காட்டில் இரண்டு நாட்கள் நடந்தேன். கூட வந்தவர் என்னோடு வேலைசெய்யும் நோர்வேஜியர். எல்க் வேட்டைக் காலமாதலால் இருவரும் சிவப்பு மேற்சட்டை அணிந்திருந்தோம். பேர்ச் மரங்கள் மஞ்சளாய்ச் சொரிந்துகொண்டிருந்தன. என் கவிதையை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "மரந்தானே இலையை விடுகிறது?" என்றார்.

அவர் சொன்னது தாவரவியல். நிலம் உறைந்தால் வேருக்கு நீர் கிடைக்காது. அதற்கு முன்பே பேர்ச் இலையிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு தடுப்பை வளர்த்து, இலையைக் கழற்றிவிடுகிறது. பச்சையம் போனபின் தெரியும் மஞ்சள் கோடையிலும் அங்கேயே இருந்ததுதான். இந்த மரத்தைத் தாய்நாடு என்றால், நம்மை உதறியது அது பிழைப்பதற்கான நியாயமான ஏற்பாடு என்றாகிறது. அதையா நாம் சொல்ல வந்தோம்? துரத்தியவனை நம் படிமமே விடுதலை செய்கிறது.

இதே பிரதேசத்தில், எய்ட்ஸ்கூக்கில், 1918இல் பிறந்து 1989இல் மறைந்தவர் ஹான்ஸ் பேர்லி. மரந்தறிக்கும் தொழிலாளியாக வாழ்ந்துகொண்டே ஆயிரத்துக்கு மேற்பட்ட கவிதைகளை எழுதினார். முதற்தொகுதி 1945இல் வந்தது. 1988இல் வந்த நினைவுக்குறிப்பு நூலின் தலைப்பே 'கோடரியோடும் யாழோடும்' என்று பொருள்படுவது. அவரிடமும் துயரமுண்டு. ஆனால் காடு அவருக்கு முதலில் கூலி, குளிர், வியர்வை. பிறகுதான் கவிதை.

வன்னியை எழுதும்போது நம்மிடம் பாலை, வீரை, முதிரை எல்லாம் பெயரோடு வருகின்றன. அங்கே விறகு பொறுக்கினோம், பாலைப்பழம் தின்றோம், ஒளித்திருந்தோம். இங்கே எல்லாம் வெறும் 'மரம்'. ஆளற்ற அந்நியக் காடு என்கிறோம். பின்ஸ்கூகன் என்றால் பின்லாந்துக்காரர் காடு. பதினேழாம் நூற்றாண்டில் அங்கிருந்து வந்து, காட்டை எரித்து ரை தானியம் விதைத்த குடியேறிகளின் பெயர் அது. 1940க்கும் 1945க்கும் இடைப்பட்ட ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது இத்தகைய எல்லைக் காடுகளினூடாகவே பலர் சுவீடனுக்குத் தப்பினர். அகதியின் கதை காலடி மண்ணில் கிடக்கிறது. நாம் அண்ணாந்து இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காடு யாருடையதானாலும் எவரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம் என்ற உரிமையை நோர்வே 1957இல் சட்டமாக்கியது. அந்த உரிமையில் ஒரு வாளி தித்தபேர் பழம் கொண்டுவந்தேன். இலையை எழுதக்கூடாது என்பதல்ல என் வாதம். எந்த மரத்தின் இலை, அது ஏன் விழுகிறது என்று அறிந்தபின் எழுதுவோம். என் பழைய கவிதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.