பெர்சிகெட்டியின் 11 நிமிடம்: பேண்டுகள் எங்கே கோட்டை விடுகின்றன?

வின்சென்ட் பெர்சிகெட்டியின் 'டைவர்ட்டிமென்டோ' அமெரிக்கக் கல்லூரி பேண்டுகள் பல தலைமுறைகளாக வாசித்துவரும் படைப்பு. ஆறு குட்டிப் பகுதிகள், மொத்தம் சுமார் 11 நிமிடம். கேட்கச் சுலபமாக இருப்பதால், ஒத்திகை நேரத்தின் பெரும்பங்கு நிரலில் இருக்கும் கனமான படைப்புக்குப் போய்விடுகிறது. அந்த அலட்சியம் மேடையில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. முதல் பகுதி அமர்க்களமாகத் தொடங்கும், நான்காவதில் தாளம் தடுமாறும், ஐந்தாவது சோர்ந்துபோகும், கடைசி மார்ச்சைச் சத்தத்தாலேயே ஒப்பேற்றிவிடுவார்கள். வாசிப்பவர்களைவிட நடத்துநர்களையே இதற்குப் பொறுப்பாக்குவேன். எல்லா வாத்தியங்களையும் குழைத்து ஒரே குரலாக்கப் பார்க்கிறார்கள். அந்தக் குழைவை இந்த இசை கேட்கவே இல்லை.

அது பிறந்த விதமே இதற்குச் சான்று. 1949 கோடையில் கான்சஸ் மாநிலத்தின் எல் டொராடோவில் பெர்சிகெட்டி இதை எழுதத் தொடங்கியபோது பேண்டு அவர் மனத்தில் இல்லை. ஒரு பக்கம் உட்விண்ட் வாத்தியங்கள், எதிரே கோபத்தோடு பித்தளை, நடுவில் வாதாடும் டிம்பனி என்று பக்கங்கள் நிரம்பின. வயலின்கள் உள்ளே வரப்போவதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது என்று அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1950 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் கோல்ட்மன் பேண்டு இதை அரங்கேற்றியது. நடத்தியவரும் பெர்சிகெட்டியே, அப்போது வயது 35. பதின்வயதிலிருந்தே பிலடெல்பியா தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்தவர் அவர். ஆர்கனில் ஒரு நிறத்தை மூடி இன்னொன்றைத் திறப்பதுபோல்தான் இங்கே அணிகளை மாற்றி மாற்றி இறக்குகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. வயலின் இல்லாத குறையை ஈடுகட்டும் முயற்சி ஓர் இடத்திலும் கிடையாது.

முதல் உலகப் போருக்குப் பின் ஸ்ட்ராவின்ஸ்கி போன்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஊதிப் பெருத்த உணர்ச்சிகளை விலக்கி, சின்ன வடிவங்களுக்கும் தெளிந்த கோடுகளுக்கும் திரும்பினார்களே, அந்த நியோகிளாசிக்கல் மரபின் அமெரிக்கக் கிளை இது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டேரியஸ் மியோ 1944இல் இதே பேண்டு உலகத்துக்கு எழுதிய 'பிரெஞ்சு சூட்' ஐந்து மாகாணங்களின் நாட்டுப்பாடல்களை நம்பி நிற்கிறது. பெர்சிகெட்டிக்கு அந்தத் துணையும் இல்லை.

முதல் பகுதி 'முன்னுரை'. உட்விண்ட், பித்தளை, டிம்பனி மூன்றும் மாறி மாறிப் பாய்கின்றன. இரண்டு வேறுவேறு கார்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒலிக்கச் செய்வது பெர்சிகெட்டியின் கைப்பழக்கம். கீழே டிராம்போன்கள் ஒரு கார்டு, மேலே டிரம்பெட்டுகள் வேறொரு கார்டு என்று வந்தால், இரண்டும் தனித்தனியே சுத்தமாகச் சுருதி சேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த உரசலில் பளபளப்பு இருக்கும். மொத்த பேண்டையும் ஒன்றாக ஊதவிட்டுச் சுருதி பார்ப்பவருக்கு மிஞ்சுவது இரைச்சல்தான். அடுத்து வரும் 'பாடல்' இரண்டு எளிய மெட்டுகளைப் பின்னுகிறது, 'நடன'த்தில் உட்விண்ட் துள்ளலுக்கு மேலே தனி டிரம்பெட் பாடுகிறது. இவ்விரண்டிலும் பெரும்பாலான பேண்டுகள் தப்பித்துவிடும்.

நான்காவதான 'பர்லெஸ்க்'தான் கண்டம். மெட்டு டூபாவிடம், தட்டுகளுக்கு இடையே விழும் ஆஃப்-பீட் துணை மற்றவர்களிடம். அத்தனை நீளக் குழாயில் கீழ்ச்சுரம் பேச ஒரு கணம் பிடிக்கும். டூபாக்காரர் நடத்துநரின் கையைப் பார்த்து ஊதினால் ஏற்கெனவே தாமதம், கைக்கு முன்பே மூச்சை விட்டாக வேண்டும். ஆஃப்-பீட்காரர்களோ டூபாவைக் கேட்டுக் காத்திருப்பார்கள், அல்லது பொறுமையிழந்து முந்துவார்கள். இரண்டு வரி போவதற்குள் நகைச்சுவை செத்துவிடும். போதாததற்கு, திடீரென்று வேகம் கூடும் நடுப்பகுதி வேறு காத்திருக்கிறது. அதிலிருந்து பழைய மெட்டுக்குத் திரும்பும்போது பழைய நடையைப் பிடிக்க முடியாத பேண்டுகளை எத்தனையோ முறை கேட்டாயிற்று. டூபாவையும் ஆஃப்-பீட்காரர்களையும் மட்டும் உட்கார வைத்து, நடத்துநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி ஓர் ஒத்திகை நடத்த வேண்டும். ஒருவர் காதை ஒருவர் நம்பப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

'தனிமொழி' முழுக்க முழுக்க கார்னெட்டுக்குச் சொந்தம். இப்போது இதைப் பல இடங்களில் டிரம்பெட்டில் வாசிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்னெட்டின் குழாய் படிப்படியாக விரிந்துகொண்டே போவதால் அதன் நாதத்துக்கு விளிம்பில் ஒரு மென்மை உண்டு, மெதுவான இந்த மெட்டு அதைத்தான் கேட்கிறது. டிரம்பெட்டின் கூர்மை இதை அறிவிப்பாக மாற்றிவிடுகிறது. தனி வாசிப்பவரைவிடப் பெரிய சோதனை பின்னால் இருப்பவர்களுக்கு. சுருதி பிசகாமல், மூச்சு வாங்கும் இடம் தெரியாமல், மெல்ல ஊதிக்கொண்டே இருப்பது கிளாரினெட் வரிசைக்குச் சாதாரண வேலையா என்ன?

இங்கேதான் ஃபிரெடரிக் ஃபென்னலின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1952இல் ரோசெஸ்டரில் ஈஸ்ட்மன் விண்ட் ஆன்சாம்பிளைத் தொடங்கியவர் அவர். ஒரே வாத்திய வரியைப் பலர் சேர்ந்து ஊதும் பேண்டு வழக்கத்தைக் கைவிட்டு, ஒரு வரிக்கு ஒருவர் என்ற கணக்கைக் கொண்டுவந்தார். மெர்குரி நிறுவனத்துக்காக அந்தக் குழு பதிவுசெய்த முதல் இசைத்தட்டில், ராபர்ட் ரஸ்ஸல் பென்னட், மார்ட்டன் கூல்ட் ஆகியோரின் படைப்புகளோடு இந்த டைவர்ட்டிமென்டோவும் இடம்பெற்றது. ஆள் குறைந்ததில் அணிகளின் எல்லைகள் துலங்கின, எந்த வாத்தியம் யாருக்குப் பதில் சொல்கிறது என்பது புரிந்தது. எழுபது, எண்பது பேரை உட்கார வைத்திருக்கும் கல்லூரி பேண்டுகளும் இந்த 11 நிமிடத்துக்காவது பாதிப் பேரை எழுந்துபோகச் சொல்லலாம். வருத்தப்படுவார்கள்தான், ஆனால் இசைக்கு அது நல்லது.

கடைசியாக 'மார்ச்'. முன்னுரையின் வேகம் திரும்பி வருகிறது. பித்தளையும் தாளவாத்தியங்களும் அடியில் துடிக்க, மேலே உட்விண்ட்கள் நீண்ட மெட்டை இழுத்துச் செல்கின்றன. முடிவு நெருங்கிவிட்ட உற்சாகத்தில் பித்தளை அணி கட்டவிழ்ந்து முழங்கும், மெட்டு அதற்கடியில் மூழ்கிவிடும். உடனே நடத்துநர் ஃப்ளூட், கிளாரினெட் பக்கம் திரும்பி இன்னும் பலமாக ஊதச் சொல்வார், சுருதி பிசகிக் கீச்சிடும். அவர் திரும்ப வேண்டியது டிராம்போன்கள் பக்கம். அவர்கள் ஒரு படி இறங்கினாலே மெட்டு மேலே வந்துவிடும். ஸ்னேர் டிரம் மட்டும் குறையாமல், இம்மியும் பிசகாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பகுதியின் வேகம் அதை வாசிப்பவர் கையில்தான் இருக்கிறது.