கொல்லைக்கோழியின் முட்டைகள்

கீழ்க்கட்டளை ஏரிப்பக்கத் தெருக்களில் இன்னும் சில வீடுகளில் நாட்டுக்கோழி மேய்கிறது. அங்கே வாங்கும் முட்டைகளில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும். நாமக்கல்லிலிருந்து அட்டை அட்டையாக வரும் வெள்ளை முட்டைகள் லெகார்ன் வழிக் கோழிகளுடையவை: ஒரே இனம், ஒரே வயது, ஒரே தீவனம். கொல்லையில் அப்படியா? சிறுவிடை, பெருவிடை, இரண்டும் கலந்தது என்று எல்லாம் ஒன்றாகத் திரியும். முதன்முதலாக இடும் கோழியின் முட்டை உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்ளும். வயது ஏற ஏறப் பெருக்கும்.

ஓட்டின் நிறம் பிறவியில் வருவது. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டவே போய்விடும். பழுப்புச் சாயம் பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே படிகிறது. உடைத்த ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், வெளுத்தே இருக்கும். வயதான கோழியின் பெரிய முட்டையில் அதே சாயம் அகலப் பரவுவதால் நிறம் வெளிறுகிறது. மிரண்டாலும் நோய் கண்டாலும் சாயம் குறையும். சித்திரை வெயிலில் தீனி இறங்காமல் முட்டை சிறுக்கும், ஓடும் மெலியும்.

மஞ்சள்கருவின் அடர்நிறம் மட்டும் மேய்ந்த கீரையும் புல்லும் தந்தது. ஓட்டின் நிறத்தால் சத்து கூடுவதில்லை. ஆனாலும் வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டுமுட்டை என்று விற்கிறவர்கள் உண்டு. கூடை முழுக்க ஒரே நிறமாக இருந்தால் நான் வாங்குவதில்லை.