முதுகில் ஒட்டிய ஆழமானி

பெங்குவின் கடலுக்கடியில் எப்படி இரை தேடுகிறது என்பதைக் கரையில் நின்று யாரும் பார்த்துவிட முடியாது. அதைக் காட்டித் தந்தது ஆழமானி என்னும் சின்னஞ்சிறு கருவி. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தைக் கருவி இடைவிடாமல் பதிந்துகொள்கிறது. 1960களில் அண்டார்டிகாவில் ஆய்வாளர் ஜெரால்டு கூயமன், சீல்களுக்காக, சமையலறை டைமரை வைத்து இதன் முன்னோடியைச் செய்தார். பேரரசப் பெங்குவின் 500 மீட்டருக்கும் கீழே போகும் என்று நமக்குத் தெரிந்தது இந்த வழியில்தான். பதிவான கோட்டை உற்றுப் பாருங்கள்: நேராக ஓர் இறக்கம், அடியில் சிறுசிறு நெளிவுகள், பிறகு ஏற்றம். அந்த நெளிவுகள் பெரும்பாலும் இரையைத் துரத்திய தடங்கள்.

கருவியே பறவைக்குச் சுமையாகாதா என்று கேட்பது நியாயம். அடையாளத்துக்காக இறக்கையில் மாட்டிய வளையங்கள் அரசப் பெங்குவின்களின் பிழைப்பையும் குஞ்சுகளின் எண்ணிக்கையையும் குறைத்ததை, 10 ஆண்டு ஆய்வொன்று 2011இல் காட்டியது. ஆனால் வளையம் ஆண்டுக்கணக்கில் கிடப்பது. ஆழமானியையோ கீழ்முதுகு இறகுகளில் நாடாவால் ஒட்டி, பறவை கரை திரும்பியதும் எடுத்துவிடலாம். அதோடு, பெங்குவின்கள் எந்த ஆழத்தில் உண்கின்றன என்று தெரியாமல் எந்த ஆழத்து மீன்பிடியைக் கட்டுப்படுத்துவது? சிறிதாக, குறைந்த காலத்துக்கு, அக்கறையோடு பொருத்தும் வரை ஆழமானி பெங்குவினுக்கு நன்மையே செய்கிறது.