தவறி அழுத்தினால் என்ன போகும்?

பழைய வீடியோ கேம்களை ஓட்டும் எமுலேட்டரில், ஆட்டத்தை விட்டு வெளியே வருவதற்கு ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. செலெக்ட்டைப் பிடித்தபடி ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். ராஸ்பெரி பையில் ஓடும் ரெட்ரோபை இப்படித்தான் வருகிறது. அதைப் போன்ற பட்டோசெரா, ரீகால்பொக்ஸ் ஆகியவற்றில், பிடித்திருக்க வேண்டிய பொத்தான், அதாவது ஹொட்கீ, எது என்பது கொன்ட்ரோலருக்குக் கொன்ட்ரோலர் மாறலாம். அதனோடு சேர்வது அங்கேயும் ஸ்டார்ட்தான். இத்தனை பேர் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு என்பதால் அது நல்ல ஏற்பாடாகிவிடாது. இலங்கையில் சம்பூரிலுள்ள என் அக்கா வீட்டில் இருப்பது ஒரு ரீவி, ஒரு பை, இரண்டு மலிவு யூஎஸ்பி கொன்ட்ரோலர்கள். பின்னேரமானால் அதைச் சுற்றி அவள் பிள்ளைகளும் அயல்வீட்டுப் பிள்ளைகளும். அந்த வீட்டை வைத்தே இதை எடைபோடுகிறேன்.

முதலில் இதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பொத்தான்களும் நடுவில் இருக்கின்றன. ஓடும்போதும் பாயும்போதும் பெருவிரல் அந்தப் பக்கம் போவதில்லை. 1983இல் வந்த ஃபமிகொம் தொடங்கி, பழைய விளையாட்டுக்கென்று செய்யப்படும் கொன்ட்ரோலர்கள் பெரும்பாலானவற்றில் இவை இருக்கும். (அந்த ஃபமிகொம்மின் இரண்டாவது கொன்ட்ரோலரில் மட்டும் இரண்டுமே கிடையாது, பதிலுக்கு ஒரு மைக் இருந்தது.) செலெக்ட்டோடு வலது தோள் பொத்தான் சேர்ந்தால் ஆட்டநிலை சேமிக்கப்படும், இடது தோள் சேர்ந்தால் சேமித்த நிலை திரும்பி வரும். ஒரு பொத்தானைப் பழக்கிவிட்டால் எல்லாமே பிடிபட்டுவிடும். இப்படி ஒரு துணைப் பொத்தான் கட்டாயம் வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ரெட்ரோபைக்குள் ஓடும் ரெட்ரோஆர்ச்சில் ஹொட்கீ இடத்தை வெறுமையாக விட்டால் ஸ்டார்ட் தனியாகவே ஆட்டத்தை மூடிவிடும். தண்ணீர் குடிக்க நிறுத்தப் போன பிள்ளை மெனுவில் போய் நிற்கும்.

ஆனால் இந்த நியாயம் வீட்டுக் கேம்களோடு முடிந்துவிடுகிறது. ஆர்கேட் விளையாட்டுகளை ஓட்டும்போது செலெக்ட் என்பது காசு போடும் பொத்தான், ஸ்டார்ட் என்பது ஆட்டம் தொடங்கும் பொத்தான். தமிழ்நாட்டில் முஸ்தபா கேம் என்றே பெயரெடுத்த 1993ஆம் ஆண்டின் ‘கடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ஸை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் முடிந்து திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கும். பிள்ளை என்ன செய்யும்? காசையும் ஸ்டார்ட்டையும் சேர்த்து அமத்தும். ஆட்டம் மூடிவிடும். “மாமா, அது தானா வெளிய போட்டுது” என்ற முறைப்பாடு வரும். அது தானாகப் போகவில்லை, சொன்னதைத்தான் செய்தது. வீட்டுக் கேமான கொன்ட்ராவில்கூட இதே கதைதான். இரண்டு பேருக்கு முப்பது உயிர் தரும் இரகசிய வரிசை செலெக்ட், ஸ்டார்ட் என்றுதான் முடியும். விரல் கொஞ்சம் அவசரப்பட்டால் முப்பது உயிருக்குப் பதில் மெனு. ஆக, பதற்றத்தில் கை தானாகத் தேடும் சேர்க்கையையே வாசலாக வைத்திருக்கிறார்கள். வழக்கத்தின் மேல் என் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

மாற்று வழிகளும் இருக்கின்றன. ரெட்ரோஆர்ச்சிலேயே ஒரு பட்டியல் உண்டு. நான்கு பொத்தானைச் சேர்த்து அழுத்தும் முறை தவறி நடக்காது. ஆனால் சின்னக் கை எட்டாது, தோள் பொத்தான் இல்லாத கொன்ட்ரோலரில் முடியவும் முடியாது. இரண்டு அனலொக் குச்சிகளையும் உள்ளே அமத்துவது என்றால் குச்சி வேண்டும். ஸ்டார்ட்டை இரண்டு செக்கன் பிடித்திருக்கும் முறையில், நிறுத்திவிட்டு விரலை எடுக்க மறந்தவர் வெளியே போவார். நடுவில் ஹோம் பொத்தான் இருந்தால் அதையே ஹொட்கீ ஆக்குவதுதான் சரி, எந்தப் பழைய விளையாட்டும் அதைக் கேட்காது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சூப்பர் நிண்டெண்டோ வடிவக் கொன்ட்ரோலரில்தான் அது இருப்பதில்லை.

பொத்தானை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பாதி விசாரணைதான் முடிந்திருக்கும். தவறி வெளியேறினால் என்ன போகும் என்பதே பெரிய கேள்வி. 2016இல் நிண்டெண்டோ விட்ட சின்ன என்இஎஸ்ஸில் வெளியேற, எழுந்து போய்ப் பெட்டியிலுள்ள ரீசெட்டை அழுத்த வேண்டும். பலர் அதைத் திட்டினார்கள். ஆனால் ரீசெட் அழுத்தியதும் ஆடிய இடம் அப்படியே தற்காலிகமாக நிற்கும், விரும்பினால் பூட்டி வைக்கலாம். பிழையாக அழுத்தியவருக்கும் நட்டமில்லை. ரெட்ரோபையில் அந்தக் காவல் தானாக வருவதில்லை. வெளியேற இருமுறை அழுத்தச் சொல்லும் பாதுகாப்பு ரெட்ரோஆர்ச்சில் இருக்கிறது. ரெட்ரோபை அதை அணைத்துத்தான் தருகிறது. வேகம் விரும்புகிறவர்களுக்கு அது பிடிக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பிழையான முடிவு.

அதோடு கரண்ட் போவதையும் பார்க்க வேண்டும்.  சம்பூரில் வரவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கவிழா நடந்தது. மின்சாரத் திட்டத்தில் பேர் அடிபடுவதால் வீட்டில் கரண்ட் நிற்காது என்றில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டு இலங்கை முழுவதும் இருண்டது. பையில் பற்றரி கிடையாது. விளையாட்டுக்குள் சேமித்தது முதலில் நினைவகத்தில்தான் நிற்கும். தானாகச் சேமிக்கும் இடைவெளி பூச்சியமாக இருந்தால், ஆட்டத்தை மூடும்போதுதான் எஸ்டி அட்டையில் எழுதப்படும். கரண்ட் போகும்போது யாரும் செலெக்ட்டும் ஸ்டார்ட்டும் அழுத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். 1987இல் செல்டா கேம்கூட, சுவிட்சை அணைக்கும்போது ரீசெட்டைப் பிடித்திருக்கச் சொல்லி எச்சரித்தது. இந்தப் பயம் புதியதல்ல.

ஆகவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஹோம் பொத்தான் உள்ள கொன்ட்ரோலரில் செலெக்ட்டை ஹொட்கீயாக விட்டுவைக்க எந்த நியாயமும் இல்லை, மாற்றிவிடுங்கள். இல்லாத கொன்ட்ரோலரில் பழைய சேர்க்கையே இருக்கட்டும். இருமுறை அழுத்தும் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். இரண்டிலும் தானாகச் சேமிக்கும் இடைவெளியைப் பத்து செக்கனாக்குங்கள். மாற்றம் இருந்தால்தான் அது எழுதும் என்பதால் அட்டை தேய்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கொன்ட்ரா போலச் சேமிக்கும் வசதியே இல்லாத விளையாட்டுகளுக்கு இது உதவாது. அவற்றுக்கு, மூடும்போது ஆட்டநிலையைப் பதிவுசெய்யும் அமைப்பு வேண்டும். அதுவும் வழக்கமாக ஓர் ஆட்டத்துக்கு ஒன்றையே வைத்திருக்கும். அண்ணன் விட்ட இடத்தின் மேல் தங்கை விட்ட இடம் எழுதப்பட்டுவிடும். பிஎஸ்பி விளையாட்டை ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி தனியாக ஓடும்போது இந்த அமைப்புகள் எதையும் பார்ப்பதில்லை, அதன் சொந்த மெனுவுக்குள் போய்த் திரும்ப ஒருமுறை எல்லாவற்றையும் செய்தாக வேண்டும்.