மைல்ஸைப் படித்துவிட்டீர்களா?

மைல்ஸ் நா கோப்பலீன் என்று ஒரு மனுஷன்! டப்ளினில் 'ஐரிஷ் டைம்ஸ்' பத்திரிகையில் 1940-லிருந்து 1966-ல் சாகும்வரை பத்தி எழுதியவர். அந்தப் பத்திகளின் தொகுப்பு கைக்கு வந்ததிலிருந்து எனக்கு வேறு பேச்சே கிடையாது. வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் அதுதான், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் அதுதான்.

அவர் பத்தி எழுத வந்த கதையே பெரிய கூத்து. அந்தப் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் நாடகம், இலக்கியம் என்று ஆளாளுக்குக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இவரும் சிநேகிதர்களும் விதவிதமான பொய்ப்பெயர்களில் கடிதம் மேல் கடிதமாக எழுதித் தள்ளினார்கள், அதற்கு மறுப்பும் தாங்களே எழுதினார்கள். ஆசிரியர் ஸ்மைலி விரட்டினாரா? கூப்பிட்டுப் பத்தியையே கையில் கொடுத்துவிட்டார்! ஆள் அரசாங்க அதிகாரி, சொந்தப் பெயர் பிரையன் ஓ'நோலன்.

இப்போது அவர் பத்தியில் வருகிற ஒரு வினா-விடைக்கு வருகிறேன், கொஞ்சம் கேளுங்கள். தலையங்கக்காரர்களும் மேடைப் பேச்சாளர்களும் நாள் தவறாமல் உருட்டுகிற சொற்றொடர்களை எடுத்து, ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளை நிறுத்திக் கேட்கிற தோரணையில் கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நம்ம ஊர்ப் பேப்பரில் வைத்துப் பாருங்களேன்! தலைவர் மறைந்தால் அது எப்படிப்பட்ட இழப்பு? ஈடுசெய்ய முடியாதது. நாடே எதில் மூழ்கியது? சோகத்தில். அவர் விட்டுச்சென்றது? வெற்றிடம். அதை யாராலும் என்ன செய்ய முடியாது? நிரப்ப! சத்தம் போட்டுச் சிரித்தேன், நடுராத்திரியில், வீட்டில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள், அவர்களையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். எவனுடைய கருத்தையும் அவர் மறுப்பதில்லை, எதிர்க்கருத்து சொல்வதில்லை, கோபப்படுவதுகூட இல்லை, வார்த்தையை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைக்கிறார், வைத்து முடித்ததும் பார்த்தால் அங்கே கருத்து என்று ஒன்று இருந்ததே இல்லை! அதற்கப்புறம் டிவி விவாதத்தை உங்களால் பழையபடி கேட்கவே முடியாது. பேச்சாளர் வாயைத் திறக்கும்போதே, ஜனநாயகத்துக்கு நேர்ந்தது என்ன, படுகொலை என்று மனசு முந்திக்கொள்கிறது.

சில பத்திகள் அந்தக் கால டப்ளின் அரசியல் தெரிந்தால்தான் புரியும். போகட்டும், தாண்டிப் போய்விடுங்கள். 'தி பெஸ்ட் ஆஃப் மைல்ஸ்' தொகுப்பை எப்படியாவது தேடிப் பிடியுங்கள், வினா-விடைப் பக்கத்தைப் பிரியுங்கள், எதிரே ஒருவரை உட்காரவைத்துக் கேள்வியை மட்டும் வாசியுங்கள். பதிலை அவரே சொல்வார், பாருங்கள்!