இரு கரை, ஒரு வலசை: வேடந்தாங்கலிலும் மன்னாரிலும் பறவை பார்த்தல்

பனி விலகி மாசி வெயில் உறைக்கத் தொடங்கும் வாரங்கள் நீர்ப்பறவை பார்ப்பவர்களுக்கு அருமையானவை. வடகிழக்குப் பருவமழை நிரப்பிவிட்டுப் போன ஏரி குளங்களில் நீர் இறங்கி, ஓரமெல்லாம் சேறு வெளியே தெரியும். புழுவும் சிறு நண்டும் நத்தையும் அந்தச் சேற்றில்தான் கிடைக்கின்றன. பங்குனியில் வடக்கே கிளம்ப வேண்டிய உள்ளான்களும் மூக்கன்களும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடம்பில் சேர்த்துக்கொள்ள விடிந்ததிலிருந்து ஓயாமல் மேய்கின்றன.

பாக் நீரிணையின் இரு கரைக்கும் இது பொருந்தும். நடு ஆசிய வலசைப் பாதையில் இந்தியா நெடுவழி, இலங்கை கடைசி நிறுத்தம். அதற்குத் தெற்கே இந்தப் பறவைகள் இறங்க நிலம் இல்லை. மழையும் பறவையும் ஒன்றாக இருந்தும், அவற்றைப் பார்க்கும் வழக்கம் இரு கரையிலும் வெவ்வேறாக வளர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் பாதுகாப்பு முந்தியது, பார்வை பிந்தியது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டவர்களைத் தடுக்கச் சொல்லி ஊர்மக்களே முறையிட்டு, 1798-இல் கலெக்டரிடமிருந்து பறவைகளைப் பாதுகாக்கும் உரிமை பெற்றார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். காரணம் வயலில் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பது அவர்களுக்குக் கைகண்ட உண்மை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலோ நாரைகள் ஊருக்குள் வந்து வீட்டோர மரங்களில் கூடு கட்டுகின்றன.

இந்த நெருக்கம் பார்க்கும் முறையிலும் தெரிகிறது. வேடந்தாங்கலில் ஏரிக்கரை மேலேயே நடந்து போகலாம். தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்கள் எச்சத்தால் வெளுத்திருக்கும். மாசியில் மஞ்சள்மூக்கு நாரைகளின் கூடுகளில் குஞ்சுகள் வளர்ந்து நிற்கும். வெயில் ஏறியதும் தாய்ப்பறவையோ தந்தைப்பறவையோ கூட்டின் விளிம்பில் நின்று, சிறகை முழுக்க விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். சூரியன் நகர நகர அதுவும் திரும்பிக்கொள்ளும். இதைப் பார்க்கத் தொலைநோக்கிகூட வேண்டியதில்லை.

இலங்கையில் வழக்கம் வேறு திசையிலிருந்து வந்தது. அங்கே சட்டமும் சங்கமும் முன்னே நின்றன. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937-இலேயே வந்துவிட்டது. 1943-இல் சிலோன் பேர்ட் கிளப் தொடங்கியது. ஜி. எம். ஹென்றியின் ஆங்கிலப் பறவைக் கையேடு 1955-இல் வெளியானது. 1976-இல் பேராசிரியர் சரத் கொட்டகம கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்துக் களப் பறவையியல் குழுவைத் தொடங்கிய பிறகு, இந்தப் பழக்கம் ஆங்கிலம் பேசும் சிறு வட்டத்தைத் தாண்டிச் சிங்கள மாணவர்களிடம் பரவியது.

அந்த மரபின் முகம் தென்கிழக்கில் உள்ள பூந்தல தேசியப் பூங்கா. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இலங்கையின் முதல் ஈரநிலம் அது, 1990-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே நடை கிடையாது. ஜீப்பில்தான் போக வேண்டும், நினைத்த இடத்தில் இறங்க முடியாது. பறவைக்கு அருகே வந்ததும் ஓட்டுநர் என்ஜினை நிறுத்திவிடுவார். பார்ப்பவருக்கு இது குறைதான். ஆனால் மேயும் பறவை தலை நிமிராமல் மேய்ந்துகொண்டே இருக்கிறது. அதற்குத்தானே போகிறோம்.

பூந்தலவுக்குப் புகழ் தேடித் தந்த பூநாரைகள் இப்போது அங்கே அரிது. பாசனத் திட்டங்களின் கழிவுநீர் களப்புகள் எனப்படும் உப்பங்கழிகளில் வடிந்து உப்புத்தன்மை குறைந்ததால் அவற்றின் இரையும் குறைந்துபோனது. பூநாரை தேடுபவர்கள் இன்று மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறார்கள். தள்ளாடியிலிருந்து மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியின் இருபுறமும் விரிவது வங்காலைச் சரணாலயம். 2010-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊசிவால் வாத்துகள் வாலை மேலே தூக்கித் தலையை நீருக்குள் விட்டு மேய்கின்றன. பூநாரை ஓரிடத்தில் நின்று காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். பிறகு அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி நுண்ணுயிர்களை மட்டும் வடித்துத் தின்னும். பேருந்தும் லாரியும் போகும் சாலையோரத்தில் நின்றே இவ்வளவையும் பார்க்கலாம்.

அப்படி நிற்பவர்களில் பெரும்பாலோர் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்கள். உள்ளூர் மீனவர் சைக்கிளில் கடந்து போகிறார். எந்தப் பறவை எந்த ஓரத்தில் எப்போது மேயும் என்பது அவருக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கணக்கெழுதும் குறிப்பேடு அவர் கையில் இல்லை. போர் நடந்த காலத்தில் வடக்கில் களப்போரங்களுக்குப் போவதே ஆபத்து, தொலைநோக்கியோடு நிற்பது சந்தேகத்துக்கு இடம். 2009 வரை ஒரு தலைமுறைக்கே இந்தப் பழக்கம் கைக்கு எட்டவில்லை. இப்போதுதான் துளிர்க்கிறது.

தமிழ்நாட்டில் போருக்குப் பிந்தைய அதே ஆண்டுகளில் பறவை பார்த்தல் தமிழுக்கு வந்து சேர்ந்தது. க்ரியா வெளியிட்ட ஆசை, ப. ஜெகநாதனின் 'பறவைகள்: அறிமுகக் கையேடு' பலருக்கு முதல் வழிகாட்டி. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் கண்மாய்க் கரையில் கால் மணி நேரமாவது நின்று, கண்ட பறவைகளை எண்ணி ஈபேர்டு இணையதளத்தில் பதிகிறார்கள். அதே சமயம், நமக்கு ஒழுங்கு போதாது. விடுமுறை நாள்களில் வேடந்தாங்கல் கரையில் கூச்சல் காதைப் பிளக்கிறது. ஒரு படத்துக்காகக் கூட்டை நெருங்கிப் பறவையை எழுப்பிவிடுபவர்கள் பெருகிவிட்டார்கள். என்ஜினை நிறுத்திக் காத்திருக்கும் பூந்தலவின் பொறுமை நமக்கு உடனடித் தேவை.

எண்ணுவது பொழுதுபோக்கோடு நிற்பதில்லை; பறவைகளின் இடத்துக்கு ஆபத்து வரும்போது அதுவே சான்று. 2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கி.மீ. எல்லையை 3 கி.மீ. ஆகச் சுருக்க முன்மொழிவு வந்தபோது தமிழ்நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஏரி ஊரின் சொத்து என்ற எண்ணம் இருநூறாண்டுப் பழையது. மன்னாரில் ஓர் இந்திய நிறுவனம் காற்றாலை அமைக்க வந்தபோது, அது வலசைப் பாதை என்ற வாதத்தோடு சூழலியல் அமைப்புகள் இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. மன்னார் மக்களும் எதிர்த்தார்கள். மின்கட்டணம் பற்றிய இழுபறிக்கிடையே 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அடுத்த திட்டம் வேறொரு பெயரில் வரலாம். அப்போது மன்னார்ப் பிள்ளைகள் தாங்களே பல ஆண்டுகள் எழுதிய கணக்கோடு பேச முடிய வேண்டும்.

அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பொங்கல் இரு கரைக்கும் பொதுப் பண்டிகை, ஈபேர்டுக்கு எல்லை கிடையாது, கையேடு தமிழிலேயே இருக்கிறது. கோடியக்கரையில் ஒருவர் எண்ணும் அதே காலையில் வங்காலையிலும் யாழ்ப்பாணத்து மண்டைதீவிலும் பள்ளி மாணவர்கள் எண்ணலாம். இங்கிருந்து தமிழ்க் கையேடுகளும் கணக்கெடுப்பு அனுபவமும் அங்கே போகட்டும். அங்கிருந்து பறவையை எழுப்பாமல் பார்க்கும் கட்டுப்பாடு இங்கே வரட்டும். வரும் தைப்பொங்கலிலேயே இதைத் தொடங்கலாம்.