பத்தாண்டு உரிமைக்கு ஒரு லட்சம் வெள்ளி

சிங்கப்பூரில் கார் வாங்குபவர் காரின் விலையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதைப் பத்தாண்டு வைத்திருக்கும் உரிமையையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். சிஓஇ என்று ஊரே சொல்லும் வாகன உரிமைச் சான்றிதழ் அதுதான். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 106,000 வெள்ளிக்கும் பெரிய கார்களுக்கானது 150,001 வெள்ளிக்கும் போயின. கார், பதிவுக் கட்டணம், சாலை வரி எல்லாம் இதற்கு மேல். இத்தனைக்கும் பிறகு நகர மையத்துக்குள் நுழைய நேரத்துக்கேற்பத் தனிக் கட்டணமும் உண்டு.

கார் பெருக்கத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் சிங்கப்பூரைச் சுட்டாதவர்கள் குறைவு. அந்தப் பாராட்டு பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. வந்து பார்ப்பவர்களின் கண், சாலைக்கு மேல் நிற்கும் மின்னியல் கட்டண வளைவுகளில் சிக்கிக்கொள்கிறது. அந்நகரின் உண்மையான துணிச்சல் மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

1975 ஜூன் மாதம் நகர மையத்தைச் சுற்றி ஓர் எல்லை வகுத்தார்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் அதைத் தாண்டும் கார், 3 வெள்ளி கொடுத்து வாங்கிய நாள் வில்லையைக் கண்ணாடியில் காட்ட வேண்டும். நுழைவிடங்களில் ஆட்கள் நின்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஒன்பதரைக்கு மணியடித்ததும் காத்திருந்த கார்கள் மொத்தமாக உள்ளே வந்து குவிந்தன. உடனே நேரத்தைப் பத்தேகால் வரை நீட்டினார்கள். காலையில் மையத்துக்குள் வரும் வாகனங்கள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. அரசு எதிர்பார்த்ததைவிட இது அதிகம்.

அதே திட்டத்தின் ஒரு பாகம் அப்பட்டமாகத் தோற்றது. எல்லைக்கு வெளியே பெரிய நிறுத்துமிடங்கள் கட்டி, காரை அங்கே விட்டுவிட்டுச் சிறு பேருந்தில் உள்ளே போகச் சொன்னார்கள். யாரும் விடவில்லை, இடங்கள் காலியாகவே கிடந்தன. காரில் ஏறி உட்கார்ந்துவிட்டவரைப் பாதி வழியில் இறக்குவது கடினம். வீட்டு வாசலிலேயே பேருந்தில் ஏற்றினால்தான் உண்டு. இன்றும் புறநகர் நிலையங்களை ஒட்டிப் பெரிய நிறுத்துமிடங்கள் கட்டத் துடிக்கும் நகரங்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் முதல் எம்ஆர்டி ரயில் ஓடியது 1987 நவம்பரில். அதாவது கார்களுக்குக் கட்டணம் போட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. ரயில் வேண்டுமா, பேருந்தே போதுமா என்ற வாதம் அமைச்சரவைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் நடந்தது. பேருந்தே போதும் என்றவர்களில் கோ கெங் சுவீ முக்கியமானவர். ரயிலுக்காக வாதாடியவர் ஓங் டெங் சியோங். 1982இல்தான் முடிவு எடுத்தார்கள். அதுவரை சுமை முழுவதையும் பேருந்து தாங்கியது. அந்தப் பேருந்தும் வானிலிருந்து விழவில்லை. சிதறிக் கிடந்த சிறு நிறுவனங்களை எழுபதுகளின் தொடக்கத்தில் படிப்படியாக இணைத்து, 1973இல் ஒரே நிறுவனமாக்கினார்கள். போதாத இடத்தில் பள்ளிப் பேருந்துகளையும் உச்ச நேரத்தில் ஓட்டினார்கள். ‘மெட்ரோ முழுவதும் வந்து சேரட்டும், அதன் பிறகு கார்களைப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் எந்த நகரமும் சிங்கப்பூரைத் தன் முன்மாதிரி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

சான்றிதழ் முறை 1990இல் வந்தது. இதன் பெரிய பலம் உறுதி. வரியை ஏற்றினால் எத்தனை பேர் வாங்காமல் விடுவார்கள் என்று ஊகிக்கத்தான் முடியும். இங்கே முதலில் எண்ணிக்கையை அரசு முடிவு செய்கிறது. விலையை ஏலம் முடிவு செய்கிறது. 2009 வரை வாகனத் தொகை ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர விட்டார்கள். பிறகு படிப்படியாகக் குறைத்து, 2018 பிப்ரவரியில் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் வளர்ச்சியைச் சுழியமாக்கினார்கள். பொதுவாக, ஒரு பழைய கார் பதிவிலிருந்து போனால்தான் ஒரு புதிய கார் வரலாம். அறுபது லட்சம் பேர் வாழும் தீவில் வாகனங்கள் ஏறக்குறைய பத்து லட்சம்தான். கார் வைத்திருக்கும் குடும்பங்கள் மூன்றில் ஒன்றை ஒட்டித்தான் வரும். வருமானம் இவ்வளவு உயர்ந்த ஊரில் இது சாதாரணக் காரியமல்ல. லண்டன் 2003இலும் நியூயார்க் 2025இலும் நுழைவுக் கட்டணத்தைக் கொண்டுவந்தன. எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வைக்கும் துணிவு அவற்றுக்கு வரவில்லை.

இனி குறைகள். ஏலம் யாருக்குத் தேவை என்று கேட்பதில்லை. யாரால் முடியும் என்று மட்டும் கேட்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் தாயை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்பவரும், மூன்றாவது காரைத் தேடுபவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இந்தக் கேள்வி நாடாளுமன்றத்தில் அடிக்கடி எழும். தேவையை அளப்பது கடினம், இன்னாருக்குச் சலுகை என்றால் இன்னொருவருக்கு ஏன் இல்லை என்பார்கள் என்று அரசு பதில் சொல்லும். பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கடினம் என்பதால் விட்டுவிடலாம் என்று அந்த அரசு வேறெந்தத் துறையிலும் சொல்லிப் பழக்கமில்லை.

மோட்டார் சைக்கிளில் இந்தக் கோளாறு இன்னும் கூர்மையாகத் தெரியும். 2022 இறுதியில் அதற்கான சான்றிதழ் 13,000 வெள்ளியைத் தாண்டியது. எளிய வண்டிகளின் விலையைவிட அவற்றை ஓட்டும் உரிமையின் விலை அதிகமாக இருந்தது. வாங்குபவர்களில் கணிசமானவர்கள் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள். சாலையில் மிகக் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்பவர் மீது இத்தனை பாரம் ஏற்றுவதற்கு நெரிசல் ஒரு காரணமாக இருக்க முடியாது.

விலையின் ஏற்ற இறக்கமும் வேடிக்கையானது. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் வெறும் 2 வெள்ளிக்குப் போனது. ஆம், இரண்டே வெள்ளி. பொருளாதாரம் சரிந்த நேரம். சான்றிதழ்களோ ஏராளமாக வெளியிடப்பட்டிருந்தன. பத்தாண்டுக்கு முன் எத்தனை கார் பதிவானதோ, அதைப் பொறுத்தே இன்றைய ஒதுக்கீடு அமைகிறது. ஒருவர் பிள்ளை பெற்ற ஆண்டும் சான்றிதழ் மலிந்த ஆண்டும் ஒத்துவந்தால் அதிர்ஷ்டம். பிற்காலத்து ஒதுக்கீட்டிலிருந்து முன்கூட்டியே எடுத்துக் கொடுத்து, இந்த மேடுபள்ளத்தை நிரவ 2023இலிருந்து முயல்கிறார்கள். முதல் முப்பது ஆண்டுகளிலேயே செய்திருக்கலாம்.

ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இந்த முறை காரை வாங்குவதைத்தான் தண்டிக்கிறது, ஓட்டுவதை அல்ல. ஒரு லட்சம் வெள்ளிச் சான்றிதழைப் பத்தாண்டுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 27 வெள்ளி. கார் கீழே நின்றாலும் 27, தீவை மூன்று சுற்றுச் சுற்றினாலும் 27. முன்பணம் கட்டிய விருந்தில் யாரும் அளவாகச் சாப்பிடுவதில்லை. கொடுத்த காசுக்கு ஓட்டித் தீர்ப்போம் என்றுதான் மனம் போகும். ரயிலில் இரண்டு வெள்ளியில் போகக்கூடிய இடத்துக்கும் கார்ச் சாவியைத்தான் கை தேடும். பத்தாண்டு நிறையும் முன் பதிவை நீக்கினால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்ற ஏற்பாடு சாலையில் புதிய, புகை குறைந்த வண்டிகளை வைத்திருக்க உதவியது உண்மை. நன்றாக ஓடும் வண்டிகள் அதே ஏற்பாட்டால் பிறநாடுகளுக்குக் கப்பலேறின என்பதும் உண்மை.

ஓட்டுவதற்குக் கட்டணம் இல்லாமல் இல்லை. பழைய வில்லைக்குப் பதில் 1998இல் வந்த மின்னியல் சாலைக் கட்டணம் அந்த நோக்கத்துக்கானதுதான். விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், பெருஞ்சாலைகளில் 20 முதல் 30 என்று வேகத்துக்கு ஓர் அளவு வைத்து, அதற்குக் கீழே போனால் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். மேலே போனால் குறைக்கிறார்கள். இவ்வளவு நேர்மையான கட்டண முறை உலகில் குறைவு. வருமானத்துக்காக வைத்தது என்றால் சாலை காலியானதும் கட்டணம் குறையாது. ஆனால் ஒரு லட்சம் கொடுத்தவருக்கு இரண்டு மூன்று வெள்ளி எந்த மூலைக்கு?

இப்போது வண்டிகளில் பொருத்திவரும் புதிய கருவி செயற்கைக்கோள் வழியே வண்டி எங்கே போகிறது என்பதை அறியும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்க அதனால் முடியும். இப்போதைக்கு அப்படி வாங்கப்போவதில்லை என்கிறது நிலப் போக்குவரத்து ஆணையம். ஆனால் 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளில் 20,000 சான்றிதழ்கள் வரை கூடுதலாக வெளியிட முடிவெடுத்தபோது ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று, வாகனங்கள் ஓடும் தொலைவு பெருந்தொற்றுக்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது என்பது. நெரிசலை உண்டாக்குவது வண்டியின் எண்ணிக்கை அல்ல, ஓட்டம் என்று இதன் பொருள். ஒப்புக்கொண்டவர்கள் அதன்படி வசூலிக்கத் தயங்குவது ஏன்? ஏலத்தில் பெரும் பணம் கட்டியவர்களிடம் ஓட்டவும் கட்டு என்று சொல்வது அரசியலில் கடினம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் பார்வைக்கு இன்னொரு விளைவும் உண்டு. 1975இல் நான்கு பேர் ஏறிய காருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதற்காகவே பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். 1989இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். அதோடு, வண்டிக்குள் எத்தனை பேர் என்ற கேள்வியும் கொள்கையிலிருந்து போயிற்று. காலை நேர விரைவுச்சாலையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்த கார்களுக்கு நடுவே லாரிகள் போகும். பின்தட்டில், இருக்கையும் வாரும் இல்லாமல், கட்டட வேலைக்குப் போகும் வெளிநாட்டு ஊழியர்கள். அவர்களில் பலர் தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்தவர்கள். சாலை இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதில் அந்த லாரியை மிஞ்ச அங்கே எந்தக் காரும் இல்லை.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சிங்கப்பூரில் பொதுவாகக் குற்றம். ஊழியர்களை வேலைக்கு ஏற்றிச் செல்ல மட்டும் விலக்கு. 2021 ஏப்ரலில் அப்படியொரு லாரி விபத்தில் இருவர் இறந்தார்கள். மழைக்கு மூடாக்கு, ஓட்டுநருக்குக் கட்டாய ஓய்வு என்று விதிகள் வந்தன. தடை வரவில்லை. போதிய பேருந்தும் ஓட்டுநரும் இல்லை, சிறு நிறுவனங்களுக்குச் செலவு தாங்காது என்பது 2023இல் அரசு சொன்ன விளக்கம். அந்தச் செலவில் ஒரு பங்கு அரசே உண்டாக்கியது. பேருந்துக்கும் லாரிக்கும் ஒரே சான்றிதழ்ப் பிரிவு. 2023இல் அதன் விலை 80,000 வெள்ளிக்கு மேல் போனது. தொழிலாளர்களுக்காகப் பேருந்து வாங்குபவரும் அந்த ஏலத்தில்தான் நிற்க வேண்டும்.

சிங்கப்பூரின் கார்க் கட்டுப்பாடு வென்றதா என்று கேட்டால், வென்றது என்றே சொல்வேன். கார் பெருகாமல் ஒரு பணக்கார நகரம் வாழ முடியும் என்று அது காட்டிவிட்டது. இனி செய்ய வேண்டியவை இரண்டு. சான்றிதழின் பாரத்தைக் குறைத்து, உச்ச நேரத்தில் ஓடும் கிலோமீட்டர்மீது கட்டணத்தை ஏற்ற வேண்டும். ஊழியர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளை ஏலத்திலிருந்து விலக்கி, லாரிக்குத் தந்த விலக்கை நீக்க வேண்டும். முதலாவதற்குப் பொதுத் தேர்தல் கணக்கு குறுக்கே நிற்கலாம். இரண்டாவதற்கு அந்தச் சாக்கும் இல்லை. அதனால் லாரியிலிருந்து தொடங்கலாம்.